சுண்ணாம்பு தடவாத கலயம்

உக்கிரபாண்டி சாருக்கு உக்கிரமெல்லாம் பெயரோடு சரி. மெல்லிய குரல், பூசினாற்போல உடம்பு, வேட்டி கட்டினால் நிமிஷத்துக்கு ஒருதரம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற சுபாவம். உத்தரகோசமங்கைக்கு நாலு கல் தள்ளியிருக்கிற மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகத் தாவரவியல் நடத்துகிறார். நடத்துகிறார் என்பது அவர் சொல்வது. வாசிக்கிறார் என்பது பிள்ளைகள் சொல்வது. இந்தக் கதையை இப்போது அவரே ஆள் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிச் சிரிக்கிறார் என்பதால், நாம் சொல்வதில் பாவம் ஒன்றும் ஒட்டாது.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் எழுதியது. அதில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. காற்றுச் சுவாசம் ஒரு பக்கம், காற்றில்லாச் சுவாசம் மறுபக்கம். முதலாவதற்கு ஆக்சிஜன் வேண்டும்; சர்க்கரை முழுசாக எரிந்து கரிமில வாயுவும் நீரும் மிஞ்சும்; ஏ.டி.பி. என்கிற சக்திப் பொட்டலம் முப்பத்தாறு கிடைக்கும். மற்றதற்கு ஆக்சிஜன் வேண்டாம். சர்க்கரை அரைகுறையாக உடையும். ஈஸ்ட்டாக இருந்தால் சாராயமும் கரிமில வாயுவும் மிஞ்சும், நம் தசையாக இருந்தால் லாக்டிக் அமிலம் மிஞ்சும். பொட்டலம் ரெண்டே ரெண்டு. இதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கண்ணை மூடிக்கொண்டே சொன்னதுதான் வினை.

ஒரேயொரு தடவை, பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டது: "சார், பதனி கள்ளாப் போறதும் இதானா?"

"போர்டுல இருக்கிறத மட்டும் கேளு. அப்படியே நில்லு."

மணி அடிக்கிற வரைக்கும் அது நின்றது. சாரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவருக்குப் போன பங்குனியில் பட்டம் தேடி வந்தது. 'வளர்பிறை கல்வி கலாச்சாரப் பேரவை' என்று ஒரு அமைப்பு. 'அறிவியல் செம்மல்' என்று பட்டம். மண்டபம், சாப்பாடு, சால்வை, ஷீல்டு எல்லாம் பட்டம் வாங்குகிறவர் பொறுப்பு. பட்டம் மட்டும் பேரவை பொறுப்பு. சாருக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. பேரவைச் செயலாளர் முத்தழகு போனில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "சொந்தமா ஒரு கண்டுபிடிப்பை மேடையில காட்டணும் சார். தலைவர் அதுல ரொம்பக் கண்டிப்பு."

கண்டுபிடிப்புக்கு எங்கே போவது? ஒரு வாரம் மொட்டை மாடியில் நடந்து பார்த்தார். கடைசியில் கைபேசிதான் கைகொடுத்தது. தாடி வைத்த ஒருவர் அதில் சொல்லிக்கொண்டிருந்தார்: பதநீரில் சுண்ணாம்பு கலக்கிறார்கள், சுண்ணாம்பு ஒரு கெமிக்கல், நம்மை நாமே வேகவைத்துக்கொள்கிறோம். சார் துள்ளி எழுந்தார். உலகத்தின் முதல் சுண்ணாம்பில்லாப் பதநீர்! பாட்டிலில்! லேபிளோடு!

அடுப்படிக்கு வந்து மனைவி யுவராணியிடம் விளக்கினார். "பதநீர் ஏன் புளிக்குது? அதுல இருக்கிற கிருமியால. கிருமிக்கு உசிரு எதனால? மூச்சால. காத்துப் போகாம பாட்டிலை இறுக்கி அடைச்சுட்டா?" கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்தினார். "மூச்சு முட்டிச் செத்துரும். சுண்ணாம்பு எதுக்கு?"

யுவராணி மாவு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஏங்க, தோசை மாவை மூடி போட்டு இறுக்கி வச்சா என்ன ஆவுது? காலையில மூடி அங்கன கெடக்கு, மாவு இங்கன கெடக்கு. அதுக்கு எவன் மூச்சுக் குடுத்தான்?"

"மாவு வேற, மரம் வேற."

"ரெண்டும் புளிக்கத்தான செய்யுது?"

"பத்தாங்கிளாஸ்ல சயின்ஸுக்கு நீ எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு. ஆனா என் மாவு எந்நேரம் பொங்கும்னு எனக்குத் தெரியும்."

நாற்பத்தெட்டு மார்க்கோடு எதற்கு வாதம் என்று சார் வெளியேறினார்.

அடுத்து பால்சாமி. ஊருக்கு மேற்கே பனங்காட்டில் முப்பது மரம் குத்தகைக்கு ஏறுகிற ஆள். மரத்து உச்சியில் இருந்துகொண்டே காதில் மாட்டிய ஹெட்போனில் ராமநாதபுரத்துக் கடைக்காரனோடு சண்டை போடுவான். இறங்கி வந்தவனிடம் சார் விஷயத்தைச் சொன்னார்.

பால்சாமி இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டான். "சார், கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுனா பதனி. தடவலேன்னா கள்ளு. நடுவுல ஒண்ணும் கிடையாது."

"அது அறியாமை."

"இருக்கட்டும் சார். ஆனா போலீசுக்கும் அதே அறியாமைதான். தடவாத கலயத்தைப் பாத்தா கள்ளுன்னுதான் எழுதுவாக. எம்மேல ஏற்கெனவே ஒரு கேசு நடக்குது. இன்னொண்ணு விழுந்துச்சுன்னா நான் உள்ள, மரம் வெளிய. வீட்டுல மூணு வயிறு."

"நான் எழுதித் தாரேன்யா!" என்று சார் அங்கேயே பள்ளிக்கூடப் பையிலிருந்து தாளெடுத்து, முழங்காலில் வைத்து எழுதினார்: அறிவியல் ஆய்வுக்காக, என் முழுப் பொறுப்பில், பத்து மரத்தில் சுண்ணாம்பு தடவாமல் இறக்கச் சொன்னேன். கீழே படிப்பு, பட்டம், பதவி எல்லாம் போட்டுக் கையெழுத்து. பால்சாமி ரெண்டு தடவை எழுத்துக் கூட்டி வாசித்தான். நாலாக மடித்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானை மாட்டினான்.

"நீங்க படிச்சவுக," என்றான். அதைப் பாராட்டு என்றே சார் எடுத்துக்கொண்டார்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. விடிய பால்சாமி ரெண்டு கேனில் கொண்டுவந்து இறக்கினான். மூடியைத் திறந்தால் மேலே விரல் கனத்துக்கு நுரை.

"ராத்திரிப் பூரா வடிஞ்சது சார். இப்பவே பொங்குது."

"புத்துணர்ச்சி!" என்றார் சார்.

கீழக்கரையில் வாங்கி வந்த அறுபது சர்பத் பாட்டில்கள். கழுத்து வரை ஊற்றி, ரப்பர் தக்கை அடித்து, மெழுகு உருக்கி விட்டு, போதாததற்குக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். ஒரு அணு காற்று உள்ளே போகக்கூடாது. உள்ளேயிருந்து எது வெளியே வரப் பார்க்கும் என்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது. நோட்டு வீட்டில் இருந்தது. ஒவ்வொரு பாட்டிலிலும் 'உயிர்மூச்சு' என்று லேபிள், லேபிளில் பனைமரம், பனைமரத்தைவிடக் கொஞ்சம் உயரமாகச் சார்.

பாட்டில்களை மண்டபத்தில் மணமகன் அறையில் அடுக்கினார்கள். அந்த அறைக்குத் தகரக் கூரை. பங்குனி வெயில். மாப்பிள்ளைகளே அதில் அரைமணி நேரம் தாங்கமாட்டார்கள்.

பத்து மணிக்கு விழா என்றால் தலைவர் எத்தனை மணிக்கு வருவார்? பேரவைத் தலைவர் செல்லச்சாமி ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. மது ஒழிப்புக்கென்று தனியாக ஒரு இயக்கம் வைத்து அதற்கும் தானே தலைவராக இருந்தார். தாமதமாக வராவிட்டால் மரியாதை குறைந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. ஒன்றரை மணிக்குக் கார் வந்தது. அதற்குள் தகரத்துக்குக் கீழே ஈஸ்ட் யாருக்கும் காத்திருக்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேடையில் நடுநாயகமாகச் செல்லச்சாமி. ஒரு பக்கம் சப்-இன்ஸ்பெக்டர் ராமலெட்சுமி. போதை ஒழிப்பு பற்றி ரெண்டு வார்த்தை பேச அழைத்திருந்தார்கள். மறுபக்கம் உக்கிரபாண்டி சார், புது வேட்டியில். மேசைமேல் தங்க நிறத் தாள் சுற்றிய வட்ட ஷீல்டு. முன்வரிசையில் யுவராணி. பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர். தலைவர் பேசி முடித்ததும் அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் 'உயிர்மூச்சு' என்று ஏற்பாடு.

முதல் பாட்டிலைத் தலைவர் முன்னால் திறந்தார்கள். கம்பியைத் தளர்த்தியதுதான் தாமதம், தக்கை 'டப்'பென்று பறந்து மின்விசிறியில் பட்டுத் திரும்பியது. கூட்டம் கைதட்டியது. நுரை அடங்கியதும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். சார் குடிக்கவில்லை, தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் டம்ளரை வாங்கி மேசையில் வைத்தார். தலைவர் ஒரே மூச்சில் குடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"அருமை! சோடா மாதிரி சுருக்குன்னு இருக்கே! இன்னொண்ணு ஊத்துங்க."

மூன்றாவது டம்ளரோடு ஒலிபெருக்கிக்கு வந்தார். "அன்பர்களே! மது ஒரு அரக்கன்! அது மனிதனின் அறிவை மயக்குகிறது, நாவைக் குழற வைக்கிறது..." டம்ளரை எடுத்து ஒரு மிடறு. "ஆனால் இந்தப் பதநீர் இருக்கிறதே! குடித்தால் உள்ளம் லேசாகிறது. கவலை ஓடிப்போகிறது. பக்கத்தில் இருப்பவர்மேல் அன்பு பெருகுகிறது!" பக்கத்தில் இருந்த செயலாளர் முத்தழகைக் கட்டிப்பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். "இது இருக்கையில் மது எதற்கு? கேட்கிறேன், மது எதற்கு?"

கூட்டத்தில் ஒருவர், "அதான, எதுக்கு?" என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் ராமலெட்சுமி தன் டம்ளரை மெதுவாக மூக்குக்குக் கொண்டுபோனார்.

அந்த நேரம் பார்த்து மணமகன் அறைக்குள்ளிருந்து ஒரு வெடி. பின்னால் இன்னொன்று. பிறகு சரம் சரமாக. சார் மேடையிலிருந்து குதித்தார். ஓடி எத்தனை வருஷம் என்று அவருக்கே நினைவில்லை. மண்டபத்தின் நீளம் அறுபது தப்படி இருக்கும். நாற்பதாவது தப்படியில் நெஞ்சு இரைத்தது, தொடை எரிந்தது, ஐம்பதாவதில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே தரையெல்லாம் கண்ணாடி, சுவரெல்லாம் நுரை. மூக்குள்ள எவனுக்கும் சந்தேகம் வராத வாசனை. நல்லவேளை, ஆள் யாரும் உள்ளே இல்லை. லேபிளில் இருந்த சார்கள் மட்டும் அங்கங்கே கிழிந்து கிடந்தார்கள்.

"யாரும் உள்ள வரக்கூடாது," என்று பின்னாலேயே வந்த ராமலெட்சுமி வாசலை மறித்து நின்றார். "பிள்ளைகளுக்கு எதுவும் குடுக்கலேல்ல?"

"இன்னும் இல்லம்மா." யுவராணியின் குரல். அவள் முன்னமே பிள்ளைகளை மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தாள். முதல் தக்கை பறந்தபோதே அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"இது கள்ளு. யாரு இறக்குனது?"

கூட்டம் பிளந்தது. பால்சாமி ஓரமாக நின்றுகொண்டிருந்தான். சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள், வந்திருந்தான்.

செயலாளர் முத்தழகு முந்திக்கொண்டார். உச்சி ஈரம் இன்னும் காயவில்லை. "மேடம், இவந்தான்! பதநீர்னு சொல்லிக் கள்ளைக் குடுத்து ஏமாத்திட்டான். சார் பாவம், படிச்ச மனுசன், அவருக்கு என்ன தெரியும்? நீங்களே சொல்லுங்க சார்!"

உக்கிரபாண்டி சார் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். ஒன்றும் சொல்ல வேண்டாம். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். ஆட்டினால் அவர் ஏமாந்த நல்லவர். ஷீல்டு மேடையில் அப்படியே இருக்கிறது, இன்னொரு ஞாயிறு விழா வைத்துக்கொள்ளலாம். பால்சாமிக்கு ரெண்டாவது கேஸ். ஆட்டாவிட்டால், மூச்சைப் பற்றி இருபத்திரண்டு வருஷம் வகுப்பெடுத்த ஆள், ஈஸ்ட்டை மூச்சுத் திணறடித்துக் கொல்லப் பார்த்த கதையை நூறு பேர் நடுவே சொல்லியாக வேண்டும்.

பால்சாமியைப் பார்த்தார். அவன் கை சட்டைப் பையின் பொத்தான்மேல் இருந்தது. அவிழ்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"சார்?" என்றார் ராமலெட்சுமி.

"அவன் பதநீர்தான் இறக்குவான்," என்றார் சார். குரல் வழக்கம்போல மெல்லிசாகத்தான் வந்தது; ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "சுண்ணாம்பு தடவாதேன்னு சொன்னது நான். மாட்டேன்னான். எழுதிக் குடுத்துக் கட்டாயப்படுத்துனது நான். கள்ளாக்குனது ஈஸ்ட்டு. அதுக்குத் தோதா அடைச்சுக் கட்டுனதும் நான்தான்."

"அடைச்சா எப்படி சார் கள்ளாகும்?" என்று முத்தழகு விடாமல் கேட்டார்.

சார் சுவரைப் பிடித்து நிமிர்ந்தார். நோட்டு கையில் இல்லை. "ஈஸ்ட்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லு. காத்து இருந்தா நம்மள மாதிரியே சர்க்கரையை முழுசா எரிச்சு, நிறைய சக்தி எடுத்துச் சுகமா இருக்கும். காத்தை அடைச்சா சாகும்னு நெனச்சேன். சாகாது. பஞ்சத்துலயும் வாழப் பழகுன சாதி அது. சர்க்கரையைப் பாதி உடைச்சு, கிடைக்கிற கொஞ்சூண்டு சக்தியில காலம் தள்ளும். உடைக்காம விட்ட மிச்சம்தான் சாராயம். கூடவே கரிமில வாயு. வாயுவுக்கு வழி வேணும்ல? நான் கம்பி போட்டுக் கட்டிட்டேன். சுண்ணாம்பு இருந்தா அந்தக் காரத்துல ஈஸ்ட்டுத் தலையெடுக்காது. அது பால்சாமிக்குத் தெரியும். என் வீட்டுக்காரிக்கு மாவை வச்சுத் தெரியும். எனக்கு அட்டவணையா மட்டும் தெரியும்."

சார் தன் காலைக் காட்டினார்.

"இந்தா, இதுவும் அதேதான். மெதுவா நடந்தப்போ காத்து பத்துச்சு. மூத்திரம் முட்டுன மாடு மாதிரி ஓடுனேன், காத்துப் பத்தல. தசையும் ஈஸ்ட்டு மாதிரி அரைகுறையா உடைக்க ஆரம்பிச்சிருச்சு. நம்ம தசைக்குச் சாராயம் பண்ணத் தெரியாது, லாக்டிக் அமிலம்தான் வரும். தெரிஞ்சிருந்தா நாலு பேரு தினம் ஓடியே போதை ஏத்திக்குவாக. அதான் தொடை இப்படித் தீயா எரியுது."

முதலில் சிரித்தது யுவராணி. பிறகு மண்டபமே சிரித்தது. அவர் வகுப்பில் இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் சிரித்ததில்லை.

ராமலெட்சுமி மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், என்னைய ஞாபகம் இருக்கா? ரெண்டாவது பெஞ்சு. பதனி கள்ளாப் போறதும் இதானான்னு கேட்டேன். நிக்க வச்சீங்க."

சாருக்குத் தொடை எரிச்சல் முகத்துக்கு ஏறியது. பதினைந்து வருஷம். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை ராமலெட்சுமி பக்கம் இழுத்துப் போட்டார்.

"அதேதாம்மா. இப்ப உக்காந்துக்க."

அவர் உட்காரவில்லை. ஆனால் குரல் இறங்கியது. "மிச்சப் பாட்டில எல்லாம் என் கண்ணு முன்னால கொட்டணும். நீங்க இப்பச் சொன்னத ஒண்ணு விடாம எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து இன்ஸ்பெக்டர் ஐயாகிட்டயும் இதே மாதிரிச் சொல்லுங்க, திட்டுவாரு, வாங்கிக்குங்க. பால்சாமி, நீ இனிமே யாரு எழுதிக் குடுத்தாலும் சுண்ணாம்பு தடவாம ஏறாத."

"கடவுளே எழுதிக் குடுத்தாலும் ஏற மாட்டேன்மா," என்றான் பால்சாமி.

மேடையில் செல்லச்சாமி இன்னமும் பேசிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லாதது அவருக்குத் தெரியவில்லை. யாரோ போய்க் காதில் உண்மையைச் சொன்னார்கள். "எனக்கு ஒண்ணும் செய்யலையே! பதநீர்தானே அது!" என்று சொல்லிக்கொண்டே, பொன்னாடையை எடுத்து ஒலிபெருக்கிக் கம்பத்துக்குப் போர்த்திவிட்டு, டிரைவரின் தோளில் கை போட்டு இறங்கிப் போனார்.

பட்டம் ரத்து என்று முத்தழகு அறிவித்தார். ஷீல்டை என்ன செய்வது என்று பேரவைக்குள் ஒரு சின்ன ஆலோசனை நடந்தது. வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றால் உக்கிரபாண்டி பெயர் ஆழமாகப் பொறித்திருக்கிறது. கடைசியில், "உங்க செலவுல பண்ணுனதுதான, நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க," என்று அவர் கையிலேயே திணித்தார்கள்.

சார் நொண்டிக்கொண்டே வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் பால்சாமி மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

"பால்சாமி, அந்த லெட்டரை நீ காட்டவே இல்லையேய்யா. நான் சொல்லுவேன்னு நம்புனியா?"

பால்சாமி சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். "நம்பிக்கையெல்லாம் இல்ல சார். பொத்தான் சிக்கிக்கிருச்சு. இன்னும் ரெண்டு நிமிசம் நீங்க வாயத் தெறக்காம இருந்திருந்தா சட்டையையே கிழிச்சிருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் ஷீல்டை எங்கே வைப்பது என்று சார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். யுவராணி ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனாள். அன்று ஆட்டிய மாவு வாளிக்கு மூடி ரெண்டு நாளாகக் காணோம். ஷீல்டு வட்டமாக, அளவாக இருந்தது. ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டு, 'அறிவியல் செம்மல்' என்ற எழுத்து மேல்பக்கம் தெரிய வைத்தாள்.

"இது எதுக்கு இடைவெளி?" என்று கேட்க வாயெடுத்தவர், அப்படியே மூடிக்கொண்டார்.

ஆனால் மனுஷன் மனுஷன்தானே. தண்ணீர் குடிக்கப் போனவர், பல்லி விழுந்துவிடுமே என்று ஷீல்டை நேராக நகர்த்தி, நன்றாக அழுத்தி மூடிவிட்டு வந்து படுத்தார்.

காலையில் அடுப்படியிலிருந்து யுவராணி கூப்பிட்டாள். "ஏங்க, இங்கன வந்து பாருங்க."

'அறிவியல் செம்மல்' தரையில் குப்புறக் கிடந்தது. மாவு வாளி விளிம்பைத் தாண்டி, புசுபுசுவென்று, அலட்சியமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.